அழுங்குக்குள் ஒருத்தி

பூட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. வண்டியின் பக்கப் பலகையில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற சத்தம் இரண்டு தடவை. பூட்டுப் பட்டறை வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவர்கள் அப்படித்தான். கையில் திறந்த பூட்டு கிடைத்தால் அழுத்துவார்கள், இரண்டு இழுப்பு இழுப்பார்கள், பிடித்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை. கொட்டாவி வந்தால் வாயைப் பொத்துவது மாதிரி.

அந்தப் பெண் அடுத்ததை எடுக்கக் கையை நீட்டினாள். அடுத்தது என்று எதுவும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அய்யய்யோ," என்றாள். "பூட்டிட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம், இரும்பில் செய்த அழுங்கின் வயிற்றுக்குள், அவளுடைய தோழி இருந்தாள். அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது.

நான் அப்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி என்னுடையது இல்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன், கேரளா போகிற லாரியில் கிளீனராக இருந்தேன், நெய்க்காரப்பட்டிப் பக்கம் தேங்காய் உரித்தேன், பேகம்பூரில் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கொட்டகையில் கொஞ்ச காலம். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. கடைசியில் திண்டுக்கல்லிலேயே இந்த வண்டி கிடைத்தது. அது போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே மாணவிகள் பழைய இரும்பையும் பிளாஸ்டிக்கையும் வைத்துச் சிறுமலையில் இருக்கிற உயிரினங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். காயலான் கடையிலிருந்து அவர்களுக்குச் சாமான் ஏற்றி வந்தது நான்தான். ஒரு குழு பிளாஸ்டிக் பாட்டிலில் மயில் செய்தது. இன்னொரு குழு, தோட்டங்களில் வேண்டாமென்று சுருட்டிப் போடுகிற சொட்டுநீர்க் குழாயில் மலைப்பாம்பு செய்தது. இவர்கள் செய்தது அழுங்கு. எறும்புதின்னி என்று சொல்வார்களே, உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில் இருக்கும், அது. சைக்கிள் ரிம்கள் விலா எலும்பு. அவற்றை இரும்புப் பட்டைகளால் இணைத்திருந்தார்கள். அதன்மேல் பழைய பீரோத் தகடுகளைச் செதில் செதிலாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே. மூக்குக்கு ஒரு பழைய பஸ்ஸின் சைலன்சர். நிற்க வைத்தால் ஒரு எருமையைவிடப் பெரிது.

உள்ளே போய் நட்டு முடுக்குவதற்காக வால் பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். அதன்மேலும் செதில். சாத்தினால் கதவு இருப்பதே தெரியாது, ஒரு நாதாங்கி மட்டும் தெரியும். அந்த நாதாங்கியில் தொங்கவிட, நான் கொண்டுவந்த குப்பையிலிருந்து உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்றை எடுத்தார்கள். வாய் திறந்தே இருந்தது.

"சாவி எங்கண்ணே?" என்று கேட்டாள் பட்டறை வீட்டுப் பெண்.

"சாவி இருந்தா அது ஏம்மா காயலான் கடைக்கு வருது?" என்றேன்.

ஓவிய ஆசிரியர் அதைத் திறந்தபடியே மாட்டச் சொன்னார். ஊர் அடையாளமாக இருக்கட்டும் என்றார்.

அந்தக் குழுவில் இரண்டு பேர்தான் எப்போதும் கூட இருந்தார்கள். பட்டறை வீட்டுப் பெண்ணை மற்றவர்கள் 'பூட்டு' என்று கூப்பிட்டார்கள். இன்னொருத்தி ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். அவளுக்குப் பெயர் 'தக்காளி'. செதில் எல்லாவற்றையும் உள்ளே படுத்துக்கொண்டு முடுக்கியவள் தக்காளி. மெலிந்த உடம்பு. அவளால்தான் அதற்குள் திரும்ப முடியும்.

அன்று சாயங்காலம் ஊருக்குள் கண்காட்சி. நடுவர்கள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே அழுங்கை என் வண்டியில் ஏற்றிவிட்டோம். ஏற்றும்போது வால் பக்கம் சில செதில்கள் ஆடின. தக்காளி ஸ்பேனரோடு உள்ளே போனாள். துருப் பிடித்த இடத்துக்கு அடிக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட்டும் ஒரு டப்பா தின்னரும் கொண்டுபோனாள். முடித்துவிட்டு உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏய், கதவச் சாத்திப் பாரு. வரிசை ஒத்து வருதான்னு." 'பூட்டு' கதவைச் சாத்தினாள். நாதாங்கியை மாட்டினாள். வரிசை ஒத்து வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை தானாகப் பூட்டுக்குப் போய்விட்டது.

முதலில் யாரும் பயப்படவில்லை. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"தக்காளிய டின்ல அடைச்சாச்சு."

"ஏ, உள்ள குளு குளுன்னு இருக்கா?"

சைலன்சர் வழியாகப் பதில் வந்தது. "வெளிய வந்தேன்னு வைங்க, ஒவ்வொருத்திக்கும் இருக்கு. அந்தப் பூட்டுக் கழுதைய எங்கயும் போக விடாதீங்க."

பூட்டு எங்கும் போகவில்லை. ஹாஸ்டலிலிருந்து சாவிக் கொத்துகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் சரக்கோடு மதுரையில் இருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "பழைய பூட்டுன்னா நெம்பாத, சாமி. உள்ள இன்னும் இறுகிப் போகும். வளையத்த அறு." எதற்காக என்று அவர் கேட்டதற்கு அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

ரம்பம் இருந்தது. அறுத்தேன். பிளேடு வளையத்தின்மேல் வழுக்கியது. பல் போனதே தவிர வளையத்தில் கீறல்கூட விழவில்லை. கீலும் நாதாங்கியும் வெல்டிங் வைத்தவை, கழற்ற வழியில்லை. சுத்தியலால் நாதாங்கியில் ஒரு போடு போட்டேன். உள்ளேயிருந்து வந்த அலறலில் கை நின்றுவிட்டது.

"அடிக்காதீங்கண்ணா! மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்குதுங்க!"

வெயில் அப்போது தலைக்கு நேரே வந்திருந்தது. செதிலில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். கேரளா லாரியில் போன காலத்தில் தார்ப்பாய்க்கு அடியில் மிளகாய் மூட்டைமேல் படுத்துத் தூங்கியவன் நான். என்னோடு இருந்த கிளீனர் ஒருவன் அப்படித் தூங்கி, வாளையார் செக்போஸ்ட்டில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் சூடு எப்படி வேலை செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தேன். முதலில் ஆள் திட்டும். அப்புறம் தண்ணீர் கேட்கும். அப்புறம் எதுவும் கேட்காது.

தக்காளி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். அதனால் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆசிரியர் இரும்பு அறுக்கிற கிரைண்டர் கொண்டுவர ஆளை ஓட்டினார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வண்டி வைக்கோல் போர் ஒன்று பற்றிக்கொண்ட இடத்துக்குப் போயிருக்கிறது, திரும்பியதும் நேராக வரச் சொல்கிறோம் என்றார்கள். கிரைண்டர் வருவதற்குள் நிழலுக்குப் போய்விடலாம் என்று நான் வண்டியை எடுத்தேன். மைதானத்தின் ஓரத்தில் ஒரு புங்கமரம். மெதுவாகத்தான் ஓட்டினேன். மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேர் ஒன்று தரைக்கு மேலே ஓடியது. வண்டி ஏறி இறங்கியது. உள்ளே ஏதோ உருண்டது.

கிரைண்டர் வந்தது. வயரை இழுத்துப் பிளக்கைச் சொருகிவிட்டார்கள். நான் கையில் எடுத்துச் சுவிட்சில் விரல் வைத்தபோது சைலன்சரிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்கண்ணா... இங்க தின்னர் டப்பா கவுந்து போச்சுங்க. துணியெல்லாம் நனைஞ்சிருச்சு."

விரலை எடுத்துவிட்டேன். மூக்கைச் செதில் இடுக்கில் வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் கொட்டகையில் வேலை பார்த்தவனுக்கு அந்த நெடி மறக்காது. ஒரு பொறி போதும்.

"பிளக்கைப் பிடுங்குங்க," என்றேன்.

ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. பிளக்கைப் பிடுங்கியவர் வயரையும் சுருட்டித் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். அங்கேயே நின்று திரும்பவும் தீயணைப்புக்குப் போன் செய்தார்.

அதற்குப் பிறகு யாரும் தக்காளியைக் கிண்டல் செய்யவில்லை.

ஹாஸ்டல் சமையல்கட்டிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து நனைத்து அழுங்கின்மேல் போட்டார்கள். போட்ட சாக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மலைப்பாம்பு செய்த பெண்கள் தங்கள் பாம்பிலிருந்து ஒரு முழக் குழாயை அறுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அதைச் சைலன்சருக்குள் விட்டுப் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். அழுங்கின் மூக்கு வழியாக அவள் குடித்தாள். பாதி வெளியே வந்தது.

"வாய மூக்குக்கிட்டயே வையி," என்றாள் பூட்டு. "அங்கதான் காத்து இருக்கு."

"இங்க உன் வாய் நாத்தம் அடிக்குது," என்றாள் உள்ளே இருந்தவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு சிரிப்பு கிடையாது.

எனக்கு அந்தச் சிரிப்பும் தெரியும். கொட்டகையில் ஜன்னலைத் திறக்காமல் பெயிண்ட் அடித்தால் இப்படித்தான் காரணமில்லாமல் சிரிப்பு வரும். பிறகு தலை சுற்றும். நான் ஆசிரியரிடம் போய், "சார், ஆம்புலன்ஸுக்கும் சொல்லிருங்க," என்றேன். அப்புறம் அழுங்கைச் சுற்றி வந்தேன். உளி வைத்துச் செதிலைப் பிளக்கலாம். ஆனால் தகடு மூன்றடுக்கு. பிளந்தால் உளி நேரே அவள்மேல் இறங்கும். போல்ட்டைத் திருகிப் பார்த்தேன். உள்ளே நட்டும் கூடவே சுற்றியது.

நட்டு உள்ளே. ஸ்பேனர் அவள் கையில்.

இதை நான் சொல்வதற்கு முன்னால் பூட்டு சொல்லிவிட்டாள். அவளும் அதே இடத்தில்தான் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், நான் சொல்றதக் கேளு. கழுத்துப் பக்கம் கடைசியா மாட்டுனோம்ல, அதுலேருந்து கழட்டிட்டு வா. ரெண்டு ரிம்முக்கு நடுவுல நீ வெளிய வந்துரலாம்."

சைலன்சரில் காதை வைத்தாள்.

"கேக்குதா?"

"அதெல்லாம் முடியாது."

"ஏன்டி?"

"மூணு மணிக்கு நடுவருங்க வாராங்க. கழட்டுனா திரும்ப மாட்ட ஒரு வாரம் ஆகும். செத்த நேரம் இரு. பயர் சர்வீஸ் வந்து பூட்ட வெட்டிருவாங்க."

"அவங்க எப்ப வாரது? நீ செத்துருவடி!"

"சாகமாட்டேன். இத்தனை நாளு இதுக்குள்ள தான கெடந்தேன்."

அது உண்மை. காலையில் போனால் சாயங்காலம் வரை அதற்குள்தான் கிடப்பாள். நான் சாமான் இறக்க வரும்போதெல்லாம் வெளியே தெரிவது அவள் பாதம் மட்டும்தான். உள்ளங்காலில் துரு அப்பியிருக்கும். செதில்களில் ஒன்றைக்கூட வேறு யாரையும் முடுக்க விட்டதில்லை. வீட்டில் அவளைக் கணக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்களாம், இவள் சண்டை போட்டு ஓவியம் எடுத்தாளாம். இந்தக் கண்காட்சிக்கு அப்பாவை வரச் சொல்லியிருந்தாள். மார்க்கெட்டில் லோடு ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்து பார்க்கிற அன்றைக்கு அழுங்கு முதுகு பிய்ந்து நிற்பதா? அவள் பிடிவாதம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தன. 'நடுவருங்க' என்பதை இரண்டு தடவை சொன்னாள், இரண்டாவது தடவை முடிக்கவில்லை.

ஆசிரியர் ஓடிவந்து சைலன்சரில் வாய் வைத்துக் கெஞ்சினார். "கழட்டும்மா. நான் நடுவர்கிட்டப் பேசிக்கிறேன்."

"நீங்க பேசமாட்டீங்க சார். போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க."

அவர் விலகிக்கொண்டார்.

பூட்டு தரையில் கிடந்த சுத்தியலை எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியில் ஏறிவிட்டாள். சாக்கை விலக்கினாள். அழுங்கின் நடு முதுகில் நன்றாகத் தெரிகிற இடத்தில், பெரிய செதில் ஒன்றைப் பார்த்து ஓங்கி அடித்தாள். தகடு உள்வாங்கியது. பக்கத்தில் இருந்ததை அடித்தாள், அது முறுக்கிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு அடி.

உள்ளே தக்காளி அலறினாள். "என்னடி பண்ற! யாரு அடிக்கிறது?"

"நாந்தேன். ஒன் அழுங்கு முதுகு ஒடைஞ்சு போச்சு. இனிமே இத எந்த நடுவரும் பாக்கமாட்டான். கழட்டு."

"பாவி! நாசமாப் போறவளே!"

"திட்டு, நல்லாத் திட்டு. திட்டிக்கிட்டே கழட்டு. இல்லன்னா தலையையும் ஒடைப்பேன். மூக்கையும் ஒடைப்பேன்." சுத்தியலை ஓங்கியபடியே நின்றாள். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. அதைத் துடைக்கக் கை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் உள்ளே அழுகை மட்டும் கேட்டது. பிறகு இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். ஸ்பேனர்.

நான் கழுத்துப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். வெளியே போல்ட்டின் தலையைக் குறட்டால் பிடித்தால்தான் உள்ளே நட்டு கழலும். எந்தப் போல்ட் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் தட்டுவாள். தட்டுகிற இடத்தைக் கை வைத்துக் கண்டுபிடித்துப் பிடிப்பேன்.

"புடிச்சீங்களா?"

"புடிச்சிட்டேன்."

நட்டு உள்ளே விழுகிற சத்தம். அடுத்த தட்டு.

"புடிச்சீங்களா?"

"ம்."

முதல் செதிலை நான் பிடுங்கி எறிந்தபோது உள்ளேயிருந்து வந்த நெடியில் என் கண் எரிந்தது. ஓட்டை வழியாக முகம் தெரியவில்லை, தலைமுடி தெரிந்தது. நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டாவது செதில் வந்தது. மூன்றாவதற்குத் தட்டினாள், நான் பிடித்தேன். ஸ்பேனர் சுற்றவில்லை.

"புடிச்சிட்டேன்மா. திருகு."

பதில் இல்லை.

"திருகும்மா."

பூட்டு என்னைத் தள்ளிவிட்டு ஓட்டைக்குள் தோள் வரை கையை விட்டாள். செதிலின் விளிம்பு அவள் புஜத்தைக் கீறியது. உள்ளே துழாவினாள். "கை குடு. கை குடுடி. இந்தா, என் கை. புடி." உள்ளேயிருந்து கை வரவில்லை. துழாவியவள் கையில் கிடைத்தது ஸ்பேனர். அதைப் பிடித்து, கையைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத நட்டில் தடவித் தடவி மாட்டினாள். நான் வெளியே பிடித்தேன். மூச்சை விடாமல் சுற்றினாள். செதில் கழன்றது. இன்னொன்று. இப்போது இரண்டு ரிம்முக்கு நடுவே ஆள் நுழைகிற இடம் இருந்தது, ஆனால் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. ஆசிரியரும் நானும் மலைப்பாம்புக்காரிகள் இரண்டு பேரும் பட்டையைப் பிடித்து இழுத்தோம். வெல்டிங் விட்டுக்கொடுத்தது. நான்கு பேரும் பின்னால் விழுந்தோம்.

பூட்டு விழவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தோழியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். கிணற்றிலிருந்து நிறைந்த குடத்தை எடுப்பது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

தக்காளியின் முகம் சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. தரையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். வாந்தி எடுத்தாள். எடுத்ததும் இருமினாள். இருமியதும் மூச்சு சத்தமாக வந்தது.

ஆம்புலன்ஸ் இன்னும் பைபாஸில் வந்துகொண்டிருந்தது. காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவளை என் பக்கத்துச் சீட்டில் பூட்டின் மடியில் சாய்த்து உட்கார வைத்து வண்டியை எடுத்தேன். ஜன்னல் இரண்டையும் இறக்கிவிட்டேன். அழுங்கை இறக்க நேரமில்லை, அதுவும் பின்னால் வந்தது. கேட்டைத் தாண்டும்போது எதிரே தீயணைப்பு வண்டி உள்ளே நுழைந்தது. நான் நிறுத்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். என்ன ஆச்சு என்று நர்ஸ் கேட்டார். "நான் பூட்டிட்டேன் சிஸ்டர்," என்றாள் பூட்டு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தின்னரையும் வெயிலையும் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. நோயாளிகளோடு வந்தவர்கள் முதுகு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்கள். "உள்ள என்ன இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். வாட்ச்மேன் வண்டியை எடு எடு என்று கத்தினார். சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். வாலில் அந்தப் பூட்டு அப்படியே தொங்கியது. ஆசிரியர் போனில் கூப்பிட்டார். நடுவர்கள் வந்துவிட்டார்களாம், மயிலையும் வால் குறைந்த பாம்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அழுங்கைக் கொண்டுவர வேண்டாம் என்றார். தக்காளியின் அப்பாவிடம் தானே சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதாகவும் சொன்னார்.

நான் திரும்ப உள்ளே போனபோது தக்காளி கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் இப்போது ஆளைப் பார்த்தது. கட்டிலின் ஓரத்தில் பூட்டு, புஜத்தில் கட்டோடு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"எத்தன செதில ஒடைச்ச?" என்றாள் தக்காளி. தொண்டை கரகரத்தது.

"ரெண்டு."

"மூணு அடி கேட்டுச்சு."

"மூணாவது என் வெரல்ல."

கையை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் நகம் கறுத்து வீங்கியிருந்தது. அதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த விரலோடுதான் நட்டைத் தடவிக் கழற்றியிருக்கிறாள்.

தக்காளி ஊசி போடாத கையால் அந்த விரலைப் பிடித்தாள். இதமாகப் பிடிக்கவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குதுடி. விடு."

"வலிக்கட்டும்," என்றாள். விடவில்லை.